பதினொரு போட்டாவும் ஒரு படக்கதையும்

எங்க வீட்டில் மொத்தம் பதினொரு போட்டா இருக்கிறது. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். அக்கா கல்யாணத்தில் எடுத்தது மூணு. அக்கா மகளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தினப்ப எடுத்தது ரெண்டு. அப்பா செத்தப்ப நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டி, மாலை போட்டு எடுத்தது ஒண்ணு. பத்தாவது பரீட்சைக்கு நான் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் ஒண்ணு. அம்மாவின் வாக்காளர் அட்டையிலிருந்து பெருசு பண்ணினது ஒண்ணு. அம்பேத்கர் பிறந்த நாளுக்குக் காலனியில் எல்லாரும் நின்னு எடுத்துக்கிட்ட கூட்டப் படம் ரெண்டு. பதினோராவது படத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

செல்போனில் எடுத்ததை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது வந்த பிறகு எல்லாருக்கும் எல்லாப் படமும் இருக்கு. ஆனால் அதற்கு முந்தைய நம்ம ஆட்களின் வாழ்க்கையைத் தேடினால் இந்த மாதிரி ஒரு தகரப் பெட்டி, அதில் பத்துப் பதினைந்து படம், அவ்வளவுதான். பல வீடுகளில் அதுவும் இல்லை. புயலில் ஊறிப்போனது, குடிசை எரிந்தபோது எரிந்துபோனது.

அக்கா மகள் ஓவியக் கல்லூரியில் படித்தாள். எங்க தெருவிலிருந்து படம் வரையப் படிக்கப் போன முதல் ஆள் அவள்தான். 2019-இல், மூன்றாம் ஆண்டில், அவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வீட்டில் இருக்கிற அன்றாடப் புகைப்படங்களை எடுத்துக்கொண்டு எட்டுப் பக்கத்துக்கு ஒரு படக்கதை செய்து வர வேண்டும். கூடப் படிக்கிற பிள்ளைகள் ஆல்பம் ஆல்பமாகக் கொண்டுவந்தார்களாம். தாத்தா சாய்வு நாற்காலியில் பேப்பர் படிக்கிறார், பாட்டி மாவாட்டுகிறாள், பிறந்த நாள் கேக், கொடைக்கானல் படகு. இவள் ராத்திரி போன் பண்ணினாள்.

"மாமா, நம்ம வீட்டுல அன்றாடம்னு ஒரு போட்டாகூட இல்லியே. ஒண்ணு கல்யாணம், இல்லன்னா சாவு. இல்லன்னா கவர்மெண்ட்டு கேட்டது."

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. முப்பது வருஷமாகக் கூட்டம், துண்டறிக்கை, பத்திரிகை என்று அலைந்திருக்கிறேன். நம்ம வரலாறு எழுதப்படவில்லை என்று எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறேன். நம்ம சாதாரண நாள் ஒன்றுகூடப் படமாக இல்லை என்பது மட்டும் என் புத்தியில் உறைக்கவேயில்லை.

நம்மை யாரும் படமே எடுக்கவில்லை என்று சொன்னால் அதுவும் தப்பு. எடுத்தார்கள். நிறைய எடுத்தார்கள். 1857 கலகத்துக்குப் பிறகு, ஆளுகிற மக்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ள வெள்ளைக்காரன் கேமராவைத் தூக்கினான். ஃபோர்ப்ஸ் வாட்சன், ஜான் கே என்ற இருவர் தொகுத்து, 1868-லிருந்து 1875 வரை எட்டுத் தொகுதிகளாக 'இந்திய மக்கள்' என்ற புத்தகம் வெளிவந்தது. 468 புகைப்படங்கள். ஒவ்வொன்றின் கீழும் பெரும்பாலும் சாதிப் பேர், இனப் பேர், இருக்கிற இடம், அவர்கள் குணம் எப்படி என்று ஒரு தீர்ப்பு. அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் 1876-78 தாது வருஷப் பஞ்சம். ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமான சனங்களைக் கூட்டமாக உட்கார வைத்து எடுத்த படங்கள் இன்றைக்கும் புத்தகங்களில் வருகின்றன. ஸ்டுடியோவில் குடும்பப் படம் எடுக்கிற மாதிரியே வரிசையாக உட்கார வைத்திருப்பான். அந்தப் படத்தில் இருக்கிறவர்களில் ஒருத்தர் பேராவது யாருக்காவது தெரியுமா?

பிறகு எட்கர் தர்ஸ்டன். 1885-இல் சென்னை அருங்காட்சியகத்துக்குக் கண்காணிப்பாளராக வந்தவர். மூக்கு எத்தனை அகலம், தலை எத்தனை நீளம் என்று ஆட்களைக் கருவி வைத்து அளந்தார். 1909-இல் ரங்காச்சாரியோடு சேர்ந்து ஏழு தொகுதியாகத் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி எழுதினார். படங்களும் உண்டு. வயநாட்டில் பணியர் பெண்கள் தன்னைக் கண்டு பயந்ததை அவரே எழுதியிருக்கிறார். தங்களில் நல்லா இருக்கிறவளாகப் பார்த்துப் பிடித்து, பஞ்சடைத்து மியூசியத்தில் வைத்துவிடுவார் என்று அவர்கள் நினைத்தார்களாம். அவர் அதை ஒரு வேடிக்கை மாதிரி சொல்கிறார். எனக்கென்னவோ அந்தப் பெண்கள் விஷயத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள் என்று படுகிறது.

எங்க அம்மாவின் முதல் போட்டா வாக்காளர் அட்டைக்கு எடுத்தது. 1993-இல் தேர்தல் ஆணையர் சேஷன் படம் போட்ட அட்டை வேண்டும் என்று உத்தரவு போட்ட பிறகு பள்ளிக்கூடத்தில் முகாம் நடத்தி எடுத்தார்கள். அப்போது அம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஐம்பது வருஷம் அவள் முகம் எங்கேயும் பதிவாகவில்லை. படம் பிடிக்கிறவன் "சிரிக்காத, அசையாத" என்றானாம். அடையாளப் படத்துக்கு உலகம் முழுக்க இதே கட்டளைதான். தென்னாப்பிரிக்காவில் கறுப்பு மக்கள் எங்கே போனாலும் கையில் பாஸ் புத்தகம் வைத்திருக்க வேண்டும். அதற்குப் படம் எடுக்கப் போலராய்டு கருவியைப் பயன்படுத்தினார்கள். 1970-இல் அமெரிக்காவில் அதே கம்பெனியில் வேலை பார்த்த கரோலைன் ஹன்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்புத் தொழிலாளர்கள் இதைக் கண்டுபிடித்துப் போராட்டத்தில் இறங்கினார்கள். ஏழு வருஷம் கழித்து, 1977-இல்தான் போலராய்டு அந்த நாட்டை விட்டு வெளியேறியது. ஓட்டு அட்டையும் பாஸ் புத்தகமும் ஒண்ணு என்று நான் சொல்ல வரவில்லை. ஓட்டு நாம் போராடி வாங்கின உரிமை. ஆனால் ஒரு மனுஷியின் முகம் முதல் தடவையாகப் பதிவாவது சர்க்கார் கேட்டதால்தான் என்றால், அந்த முகம் எப்படி விறைத்துப் போயிருக்கும் என்று பாருங்கள்.

சரி, வேலைக்கு வருகிறேன். படக்கதை எனக்குப் புதுசு கிடையாது. 1972-இல் முத்து காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவியைப் பழைய பேப்பர் கடையில் கிலோவுக்கு வாங்கிப் படித்த தலைமுறை நான். மாயாவி மறைந்துபோவார், கை மட்டும் தெரியும். பண்ணை வீட்டு வாசலில் எங்களுக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான் என்று பிற்பாடு தோணியது. போட்டாவையே கட்டம் கட்டமாக அடுக்கிப் பேச்சுக் குமிழ் ஒட்டுகிற முறை 1947-இல் இத்தாலியில் பத்திரிகைகளாகப் பெருகியது. காதல் கதைகள், ஏழைப் பெண்கள் விழுந்து விழுந்து வாங்கினார்கள். படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். லத்தீன் அமெரிக்காவில் அதே முறையில் சுகாதாரம், எழுத்தறிவு என்று சொல்லிக் கொடுத்தார்கள். வரைந்த படக்கதையை இயக்கம் கையில் எடுத்ததும் உண்டு. மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு முடிந்த மறுவருஷம், 1957 டிசம்பரில், மார்ட்டின் லூதர் கிங் பற்றிப் பதினாறு பக்கப் படக்கதை ஒன்று பத்து சென்ட் விலையில் வந்தது. இரண்டரை லட்சம் பிரதி அச்சடித்தார்கள். அதை மருமகளிடம் சொன்னேன். "அதெல்லாம் பெரிய ஆளுங்க மாமா, நம்ம தாத்தாவுக்கு யாரு அடிப்பா?" என்றாள்.

லீவுக்கு வந்தாள். பத்து நாள் திண்ணையில் வேலை. முறை இதுதான்: போட்டாவை ஜெராக்ஸ் கடையில் பெருசு பண்ணுவது, ஜன்னல் கண்ணாடிக்குக் கீழே பல்பு எரியவிட்டு அதன் மேல் டிரேசிங் பேப்பர் வைத்துக் கறுப்பு மையில் கோடு இழுப்பது, தேவையான இடத்தில் போட்டாவையே வெட்டி ஒட்டுவது. கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரத்தில் முடியும் என்று கூடப் படிக்கிறவர்கள் சொன்னார்களாம். கம்ப்யூட்டர் வேண்டுமே.

முதல் நாளே ஜெராக்ஸ் கடையில் மாட்டிக்கொண்டோம். அக்கா கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை, பெண் முகத்தில் ரோஸ் பவுடர் அப்பியிருந்ததால் தெளிவாக வந்தது. பின்னால் நிற்கிற சொந்தக்காரர்கள் எல்லாரும் கறுப்புத் திட்டு. கண் இல்லை, வாய் இல்லை. கடைக்காரத் தம்பி வெளிச்சத்தைக் கூட்டினான். முகம் கொஞ்சம் தெரிந்தது, புடவைக் கோடெல்லாம் மறைந்துபோனது. "ஒண்ணு மொகம், இல்லன்னா புடவை. எது வேணும்ணா?" என்று கேட்டான். மிஷின் மேல் குற்றம் இல்லை என்று முதலில் நினைத்தேன். அப்படியும் சொல்ல முடியாது. கலர் பிலிம் வந்த காலத்தில் அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் நிறம் சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைத்தான் அளவுகோலாக வைத்திருந்தது. அதற்குப் பேர் ஷெர்லி அட்டை. 1950-களிலிருந்து பல பத்தாண்டு அதுதான் நடைமுறை. அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. நம்ம தோல் எப்படி வந்தாலும் யார் கேட்டது? எங்க ஊர் ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் 'டச்சிங்' என்று பென்சிலால் தடவி முகத்தை வெளுப்பாக்கிக் கொடுப்பார். அதற்குத் தனிக் காசு. மருமகள் அந்தக் கறுப்புத் திட்டுகளை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் வெள்ளை மையில் கண்ணும் மூக்கும் வரைந்தாள். பார்க்க நன்றாகவே இருந்தது.

பத்துப் படமும் மூன்று பக்கத்தில் முடிந்துபோனது. மீதி ஐந்து பக்கத்துக்கு என்ன பண்ணுவது? அப்போதுதான் அம்மா பெட்டிக்கு அடியில் துணி சுற்றி வைத்திருந்த பதினோராவது படத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

நானே அதைப் பார்த்ததில்லை. பெரிய படம், கெட்டி அட்டையில் ஒட்டினது. பின்னால் பென்சிலில் 1967 என்று போட்டிருக்கிறது. பண்ணை வீட்டில் முதல் டிராக்டர் வாங்கின அன்றைக்கு எடுத்தது. பண்ணையார் டிராக்டர் மேலே மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். கீழே அவர் சம்சாரம், அரைக்கால் சட்டை போட்ட இரண்டு பையன்கள், கணக்குப்பிள்ளை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம்கூடத் தெரிகிறது. வலது ஓரத்தில், படம் முடிகிற இடத்தில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு ஆள் இரண்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு மாடு முழுசாகவும் இன்னொரு மாடு பாதியாகவும் விழுந்திருக்கிறது. அந்த ஆள் எங்க அப்பா. அப்போது அவருக்கு முப்பது வயசு இருக்கலாம். செத்தபின் எடுத்த படத்தைத் தவிர அவருக்கு இருக்கிற ஒரே படம்.

"இது எப்படிம்மா ஒங்கிட்ட?"

"அவுங்க வூட்டுல வெள்ளை அடிக்கச் சொல்ல பழசெல்லாம் வாரிக் குப்பையில போட்டாங்க. கூட்டிப் பெருக்கப் போனது நாந்தான? ஒங்கப்பன் மூஞ்சி கெடக்குது குப்பையில. எடுத்தாந்துட்டன்."

இருபது வருஷத்துக்கு மேல் அதை யாரிடமும் காட்டாமல் வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டதற்கு, அவங்க வூட்டுப் பொருளாச்சே, திருடினேன்னு சொல்லிட்டா என்றாள்.

மருமகள் அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து வேலை செய்தாள். படத்தை ஜெராக்ஸ் எடுத்துப் பண்ணையாரை, டிராக்டரை, எல்லாரையும் வெட்டித் தள்ளிவிட்டாள். தாத்தா மட்டும் பக்கம் நிறைய நிற்கிறார். பக்கத்தில் பெரிய குமிழ். அதில் எழுதியிருந்தாள்: 'இந்த நிலத்தை உழுதவன் நான்! நிலம் எங்களுக்கே!' நான் பார்த்துவிட்டு, இதுதாண்டா என்று கை தட்டினேன். உண்மையாகவே எனக்குச் சிலிர்த்துப் போனது. காலையில் அம்மாவிடம் காட்டினோம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. படிச்சுக் காட்டு என்றாள். படித்தாள்.

"யாரு, ஒங்க தாத்தாவா? அவரு அப்படிலாம் பேச மாட்டாரு பாப்பா. அன்னிக்கு அவரு வாயே தொறக்கல."

"இல்ல ஆயா, மனசுல அப்படி நெனச்சிருப்பாருல்ல..."

"அவரு மனசுல என்னா நெனச்சாருன்னு ஒனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாது." கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தாள். "அவன எதுக்கு வெட்டின? அவன வெட்டிட்டா ஒங்க தாத்தா யாருக்கு முன்னால துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கினு நிக்கிறாருன்னு பாக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

இரண்டு பேரும் பதில் பேசவில்லை. நான்தான் கூனிப்போனேன். தர்ஸ்டன் படத்துக்குக் கீழே சாதிப் பேரை எழுதினார். நாங்கள் படத்துக்கு மேலே கோஷத்தை எழுதிவிட்டோம். கோஷம் நல்ல கோஷம்தான், இன்றைக்கும் நான் போடுகிற கோஷம்தான். ஆனால் அப்பாவைக் கேட்டு எழுதினோமா?

'பீமாயணம்' 2011-இல் வந்த படக்கதை. அம்பேத்கரின் வாழ்க்கையை துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள் வரைந்தார்கள். தமிழிலும் கிடைக்கிறது. அவர்கள் கட்டமே போடவில்லை. ஆட்களைப் பெட்டிக்குள் அடைக்க மனசு வரவில்லை என்றார்கள். பேச்சுக் குமிழிலும் ஒரு ஏற்பாடு வைத்தார்கள். சாந்தமான பேச்சுக்குப் பறவை உருவக் குமிழ், விஷப் பேச்சுக்குத் தேள் கொடுக்கு வைத்த குமிழ். யார் வாயிலிருந்து எது வருகிறது என்பதில் அத்தனை கவனம். எங்களுக்கு அந்தக் கவனம் இல்லாமல் போனது.

இன்னொரு புத்தகத்தை மருமகள்தான் கல்லூரி நூலகத்திலிருந்து கொண்டுவந்து காட்டினாள். திதியே லெஃபேவ்ர் என்ற பிரெஞ்சு புகைப்படக்காரர் 1986-இல் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்போடு பாகிஸ்தானிலிருந்து மலை தாண்டி ஆப்கானிஸ்தானுக்குப் போனார். கிட்டத்தட்ட நாலாயிரம் படம் எடுத்தார். திரும்பி வந்தபோது ஒரு தினசரி ஆறு படம் போட்டது. மற்றதெல்லாம் பெட்டியில் கிடந்தது. எத்தனையோ வருஷம் கழித்து இமானுவேல் கிபேர் என்ற ஓவியர் அவரிடம் உட்கார்ந்து கதை கேட்டார். படம் இருக்கிற இடத்தில் படத்தையே வைத்தார்கள். படம் இல்லாத இடத்தில், கேமரா பையில் இருந்தபோது, ராத்திரி இருட்டில், பயத்தில் கை ஓடாதபோது நடந்ததைக் கிபேர் வரைந்தார். 2003-லிருந்து 2006 வரை மூன்று பாகமாக வந்தது. நாலாயிரம் படம் எடுத்தவருக்கே நடுவில் அத்தனை ஓட்டை. எங்களிடம் இருப்பதோ ஒரே ஒரு படம்.

மருமகள் கோஷத்தைக் கிழித்துப் போட்டாள். நோட்டை எடுத்துக்கொண்டு ஆயா பக்கத்தில் உட்கார்ந்தாள். "அந்தப் போட்டா எடுத்து முடிச்சதும் தாத்தா எங்க போனாரு?" என்று ஆரம்பித்தாள்.

அம்மா சொன்னது இது. போட்டா எடுத்த அன்றைக்குச் சாயந்தரம் மாட்டுத் தரகர் வந்தார். டிராக்டர் வந்துவிட்டதால் ஏர் மாட்டை விற்றுவிட்டார்கள். அப்பா கன்றிலிருந்து வளர்த்த மாடு. செவலை ஒண்ணு, மயிலை ஒண்ணு. தரகரோடு ஏரிக்கரை வரைக்கும் அப்பாவே ஓட்டிக்கொண்டு போனார். அதற்கு மேலே தரகர் பிடித்துக்கொண்டார். அப்பா வெறுங்கயிறோடு வந்தார். சோறு வேணாம் என்றார். மறுநாள் விடியற்காலை பழக்கத்தில் பண்ணை வீட்டுத் தொழுவத்துக்குப் போயிருக்கிறார். காலியாக இருந்தது. கணக்குப்பிள்ளை, இனிமே தெனமும் வராத, நடவுக்கும் அறுப்புக்கும் சொல்லி அனுப்புறன் என்றாராம். படியாளாக இருந்த ஆள் அன்றைக்கு விடுதலையானார் என்று ஒரு கணக்கில் எழுதலாம். அப்படி எழுதின கட்டுரைகளும் உண்டு. எங்க வீட்டில் அந்த மாசம் முழுக்க அரை வயிறு. அப்புறம் செங்கல் சூளை, அப்புறம் பெங்களூரில் கட்டட வேலை. எனக்கு அப்போது நாலு வயசு. ஒண்ணும் நினைவில்லை.

அந்த ஐந்து பக்கம் இப்படித்தான் ஆனது. முதலில் 1967 படம், வெட்டாமல், முழுசாக. பண்ணையார், மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் கோட்டோவியம். கேமரா டிராக்டரோடு நின்றுவிட்டது, மருமகளின் பேனா மாட்டோடு போனது. ஏரிக்கரை, தரகர் முதுகு, கயிறு மட்டும் பிடித்த கை, மூடி வைத்த சோத்துப் பானை, காலித் தொழுவம். குமிழ் ஒன்றே ஒன்றுதான். ஏரிக்கரையில் மாடு திரும்பிப் பார்த்ததும் அப்பா "ஹோவ்" என்று ஓட்டினார் என்று அம்மா சொன்னாள். அது மட்டும்.

கல்லூரியில் பார்வைக்கு வைத்தார்கள். ஒரு ஆசிரியர் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, கோடு நல்லா இருக்கு, ஆனா தலைப்பு அன்றாடம்னு கொடுத்தோம், நீ வரலாறு பண்ணிட்டியே என்றாராம்.

"எங்க ஆயாவுக்கு அது ஒரு செவ்வாக்கெழமை சார்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். மார்க் சுமாராகத்தான் வந்தது.

திரும்பி வந்ததும் எட்டுப் பக்கத்தையும் திண்ணையில் வரிசையாகப் பரப்பி அம்மாவுக்குக் காட்டினாள். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஏரிக்கரைப் பக்கம் வந்ததும் விரல் நின்றது. போட்டாவில் பாதி விழாமல் போன மாட்டை மருமகள் தன் யோசனையில் முழுசாக வரைந்திருந்தாள்.

"மயிலைக்கு எடது கொம்பு கெடையாதே பாப்பா. கன்னா இருக்கச்சொல்லவே ஒடஞ்சி போச்சி. அதனாலதான் தரகன் வெலய கொறச்சிக் கேட்டான்."

மருமகள் வெள்ளை மையை எடுத்துவரப் போனாள்.